வந்துட்டேன் இன்னும் வரவில்லை

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளச் சீட்டில் மட்டும் அது தலைகாட்டும். மற்றபடி கம்பெனியில் அவர் பெயர் ‘வந்துட்டேன்’. “எங்கய்யா வந்துட்டேன்?” என்று மேற்பார்வையாளர் கேட்பார். “வந்துட்டேன் இன்னும் வரல சார்” என்று யாராவது பதில் சொல்வார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இதைக் கேட்டு ஒரு வாரம் திருதிருவென்று விழிப்பார்கள். அடுத்த வாரம் அவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்.

பெயர் சும்மா வரவில்லை. லிஃப்ட் நடுவழியில் நின்று உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால், அலுவலகத்திலிருந்து அந்த ஆளின் எண்ணை இவருக்குக் கொடுப்பார்கள். இவர் உடனே கூப்பிட்டு, “இதோ வந்துட்டேங்க” என்பார். அந்த நேரத்தில் ஊரின் இன்னொரு கோடியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார் என்பது வேறு விஷயம். உள்ளே இருப்பவருக்கு அந்த ஒரு சொல் போதும், மூச்சு சீராகும். இதைப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. நம் பேச்சு வழக்கே அப்படித்தான். ‘வருவேன்’ என்றால் கேட்பவருக்குச் சந்தேகம் வந்துவிடும். ‘வர்றேன்’ என்று சொல்லிக்கொண்டுதான் நாம் ஒரு வீட்டை விட்டே கிளம்புகிறோம். ‘வந்துட்டேன்’ என்று ஒருவன் சொன்னால் அவன் இன்னும் வரவில்லை என்று பொருள். நிஜமாகவே வந்துவிட்டவன் எதற்கு வாயைத் திறந்து அதைச் சொல்லப்போகிறான்? அவன்தான் எதிரே நிற்கிறானே.

வேலையில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை. கை சுத்தம், பேச்சும் தன்மை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாலும் முகம் சுளிக்கமாட்டார். தான் போகாவிட்டால் அந்த லிஃப்ட் அங்கேயே நின்றுவிடும், ஊரில் பாதிப் பேர் அந்தரத்தில் தொங்குவார்கள் என்று ஒரு நினைப்பு அவருக்கு இருந்தது. அந்த நினைப்பு அவருக்குப் பிடித்தும் இருந்தது.

அதே சொல்லைத்தான் அவர் வீட்டுக்கும் கொண்டுபோனார். மனைவி கூப்பிட்டு எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் “இதோ வந்துட்டேன்”தான். அவள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். ‘கிளம்பிட்டேன்’ என்றால் இன்னும் கைக் கிரீஸைக்கூடக் கழுவவில்லை. ‘பாதி வழி வந்தாச்சு’ என்றால் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறார். ‘வந்துட்டேன்’ என்றால் குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டித் தூங்கவும் வைத்துவிடலாம். இதையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டேதான் சொல்லிவந்தாள். சிரிப்பும் எத்தனை நாளைக்கு வரும்?

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். கண்ணாடித் தகட்டில் ஒரு துளியைத் தேய்த்து, நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து, செல்களை எண்ணுகிற வேலை. குழந்தை வயிற்றில் இருந்தபோது விட்டாள். பெண் குழந்தை பிறந்தது, தவழ்ந்தது, நடந்தது, வாய் ஓயாமல் பேசியது. ஒவ்வொரு வருஷமும் கூடத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள், மாலை வேலைக்கு ஆள் வேண்டும், வருகிறாயா என்று. ஒவ்வொரு வருஷமும் அவள் கணவரிடம் கேட்டாள். மாலையில் அவர் வீட்டில் இருக்க முடியுமா? அவர் கையை விரித்தார். “என் வேலைல நேரம் என் கையிலயா இருக்கு? லிஃப்ட் என்னைக் கேட்டுக்கிட்டா நிக்குது?” என்றார். நியாயம்தானே என்று அவளும் வாயை மூடிக்கொண்டாள். இப்படி நாலு வருஷம் போயிற்று.

அஞ்சாவது வருஷம் அவள் கேட்கவில்லை. சேர்ந்துவிட்டு வந்து சொன்னாள். மாலை நாலு மணிக்குக் கூடத்தின் வேன் பின் சந்துக்கு வரும். யாருக்காகவும் நிற்காது. முதல் மூன்று மாதம் தகுதி பார்க்கும் காலம். அதற்குள் வேனைத் தவறவிட்டுத் தாமதமாகப் போனால், “நீங்க வீட்டையே பாத்துக்கோங்கம்மா” என்று மரியாதையாக அனுப்பிவிடுவார்கள் என்றாள். அவள் வயசுக்கு இனி வேறு கூடம் கூப்பிடாது. இதுதான் கடைசி. அதை அவள் சொல்லவில்லை. அவருக்கே தெரியும்.

சரி, நாலு மணிக்கு நான் இருப்பேன் என்றார் மெக்கானிக். அவரால் வேறென்ன சொல்ல முடியும்? அவரும் கெட்டவர் இல்லை. காலையில் சீக்கிரம் போய்ச் சீக்கிரம் திரும்புவதாக ஏற்பாடு, கம்பெனியில் கேட்காமல் அவராகவே செய்துகொண்டது. அப்போதுதான் அவள் அந்தச் சொல்லைப் பற்றிப் பேச்செடுத்தாள்.

“ஏங்க, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. கிளம்பலைன்னா கிளம்பலைன்னு சொல்லுங்க. வழியில இருந்தா வர்றேன்னு சொல்லுங்க. கீழ வாசல்ல கால் வச்ச பிறகுதான் வந்துட்டேன்னு சொல்லணும். அந்த ஒரு வார்த்தையை எனக்காகக் கொஞ்சம் பத்திரமா வச்சுக்கோங்க.”

அவர் சிரித்தார், ஒப்புக்கொண்டார். ஏற்பாடு நன்றாகவே நடந்தது. அவர்கள் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஊரையே ஏற்றி இறக்குகிறவர் வீட்டுக்காரி தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டியிருக்கிறது என்று அவள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் படிக்கட்டு இரண்டு உண்டு. முன்படி தெருவுக்கு, பின்படி சந்துக்கு. அவர் வண்டியை முன்வாசலில் நிறுத்திவிட்டு, வந்துட்டேன் என்று கூப்பிட்டுச் சொல்வார். குழந்தை மதியத் தூக்கத்தில் இருக்கும். அவள் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் பின்படியில் இறங்கி வேனைப் பிடிப்பாள். அவர் முன்படியில் ஏறித் தன் சாவியால் திறந்து உள்ளே போவார். இருவரும் பார்த்துக்கொள்வதுகூட இல்லை. சில வாரம் இப்படியே ஓடியது. தான் பெரிய தியாகம் செய்வதாகவும் அதைத் தானே பெரிதுபடுத்தாமல் இருப்பதாகவும் மெக்கானிக்குக்குத் தன்மேல் ஒரு திருப்தி.

அந்த நாள் அவர் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஒரு அலுவலகக் கட்டடத்தில் நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஒருவர் மாட்டிக்கொண்டார் என்றார் மேற்பார்வையாளர். நீ கிளம்புற நேரமாச்சே என்று அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “நான் பாத்துக்கறேன் சார்” என்றார் மெக்கானிக். யோசித்துச் சொன்னதில்லை. கொட்டாவி வருவதுபோல அது தானாக வந்தது. பக்கத்துத் தெருதானே, போனோம் வந்தோம் என்று இருக்கும், நாலு மணிக்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று வண்டியை எடுத்தார்.

அது போனோம் வந்தோம் என்று இருக்கவில்லை. மொட்டைமாடியில் இருக்கும் மெஷின் ரூமின் சாவி காவலாளியிடம் இல்லை. காவலாளி இன்னொருவரைத் தேடிப் போனார். உள்ளே மாட்டியிருந்தவரிடம் மெக்கானிக் இரண்டு மூன்று தடவை பேசி, இதோ வந்துட்டேங்க, இதோ வந்துட்டேங்க என்று தைரியம் சொன்னார். சாவி வந்தபோது மணி நாலை நெருங்கிவிட்டது. வீட்டுக்குக் கூப்பிட்டுத் தாமதமாகும் என்று சொல்லியிருக்கலாம். முதலில் இந்த ஆளை இறக்கிவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தார். மின்சாரத்தை நிறுத்தினார். இனி ஒரு கையால் பிரேக்கைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றி, லிஃப்ட் பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாடி மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். சக்கரத்தில் கை வைத்த நேரத்தில் போன் அடித்தது. மனைவி. போனை எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார்.

“எங்க இருக்கீங்க?”

“இதோ வந்துட்டேன்” என்றார்.

அவ்வளவுதான். அவள் மேலே என்னவோ சொன்னாள். அவர் கேட்கவில்லை. போன் நழுவப் பார்த்தது, பிடித்து அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வாயிலிருந்து என்ன வார்த்தை போயிற்று என்று அவர் காதுக்கே எட்டவில்லை. மனசு முழுக்கச் சக்கரத்தில் இருந்தது.

பெட்டி மட்டத்துக்கு வந்தது. கீழே ஓடிப்போய் முக்கோணச் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார். உள்ளே நடுத்தர வயதுக்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்திருந்தார். அந்த அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவராம். கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார். மயக்கமா, தண்ணீர் வேண்டுமா என்று மெக்கானிக் பதறினார்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. யாரும் வந்து எதுவும் கேக்காத எடம் இப்பல்லாம் எங்க கெடைக்குது? நல்லாத் தூங்கிட்டேன். நீங்க இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சு வந்திருந்தாக்கூட நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்” என்றார் அவர்.

மெக்கானிக் சிரித்தபடியே வீட்டுக்குத் தகவல் சொல்லப் போனை எடுத்தார். அதில் மனைவி அனுப்பிய செய்தி இருந்தது. ‘வேன் ஏறிட்டேன். குட்டி தூங்குறா. நல்லவேளை சரியான நேரத்துக்கு வந்தீங்க.’

அவருக்கு முதலில் புரியவில்லை. இன்னொரு முறை படித்தார். புரிந்தது. கருவிப் பையை அங்கேயே போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினார்.

வண்டியில் போகும்போது அவர் கண்ணுக்கு முன்னால் வீடு ஓடியது. பால்கனிக் கதவின் தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டும். நாற்காலியை இழுத்துப் போட்டால் அடுப்பும் எட்டும். பாத்ரூமில் வாளி நிறையத் தண்ணீர் இருக்கும். எதிர்வீட்டுக்காரர்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், பகலில் பூட்டுதான் தொங்கும். மனைவியைக் கூப்பிடலாமா என்று நினைத்தார். கூப்பிட்டால் நடுவழியில் வேனை நிறுத்தி இறங்கிவிடுவாள். அவள் திரும்பி வருவதற்குள் இவரே போய்ச் சேர்ந்துவிடுவார். அவள் வேலைதான் போகும். கூப்பிடவில்லை. அது அவளுக்காகவா, தன் குட்டு உடையாமல் இருக்கவா என்று கேட்டால் அவராலேயே சொல்ல முடியாது. இரண்டும்தான் என்று வைத்துக்கொள்வோம். சிக்னல் ஒவ்வொன்றும் வேண்டுமென்றே சிவப்பாகிற மாதிரி இருந்தது. கடவுளே, தூங்கிக்கொண்டிருக்கட்டும், தூங்கிக்கொண்டிருக்கட்டும் என்று சத்தமாகவே சொன்னார். பக்கத்தில் நின்ற வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறிக் கதவைத் திறந்தார்.

குழந்தை தூங்கவில்லை. பீரோவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தது. கீழ்த் தட்டுத் துணிகளெல்லாம் வெளியே கிடந்தன. கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டி வெளியே இழுக்கப்பட்டிருந்தது. சமையலறையில் சிலிண்டருக்குப் பக்கத்திலிருந்த திரை விலகியிருந்தது. அடி இல்லை, காயம் இல்லை. அழுது முடித்த முகம், மூக்கு ஒழுகிக் காய்ந்திருந்தது. அவரைப் பார்த்ததும் அதன் முகத்தில் வந்தது சந்தோஷமா கோபமா என்று சொல்ல முடியாது.

“எங்கப்பா ஒளிஞ்சிருந்த?” என்று கேட்டது.

கதவைச் சாத்தும்போது தூக்கத்தில் புரண்ட குழந்தையிடம் அம்மா சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள், அப்பா வந்துட்டார், நீ தூங்கு என்று. குழந்தை எழுந்து பார்த்தது. அப்பா வந்துவிட்டார், ஆனால் காணோம். அப்படியானால் ஒளிந்துகொண்டிருக்கிறார். வேறென்ன? தேட ஆரம்பித்துவிட்டது.

“கட்டிலுக்கு அடியில பாத்தேன். பீரோல பாத்தேன். பாத்ரூம்ல பாத்தேன். நீ எங்கயுமே இல்ல” என்றது. அப்புறம் குரல் உடைந்தது. “நான் தோத்துட்டேன்னு சொன்னேன்பா. அப்பவும் நீ வெளிய வரல.”

மெக்கானிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுதார். குழந்தைக்கு அவர் அழுவது வேடிக்கையாக இருந்தது. தன் பாவாடையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டது. கண்டுபிடிக்கப்பட்டதால் அழுகிறார் என்று நினைத்திருக்கும்.

அழுகை நின்ற பிறகு மனுஷனுக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. துணிகளை மடித்து அடுக்கினார். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். திரையை இழுத்துவிட்டார். ஒன்றும் ஆகவில்லையே, இதை எதற்கு அவளிடம் சொல்லி அவள் நிம்மதியைக் கெடுக்க வேண்டும் என்று தீர்மானித்தார். இனிமேல் ஜாக்கிரதையாக இருந்தால் போயிற்று. தடயத்தை அழிப்பதில் அவ்வளவு கவனமாக இருந்தவர், வாய் ஓயாத சாட்சி ஒன்று பிஸ்கட் தின்றுகொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதை மறந்துபோனார்.

தேநீர் இடைவேளையில் மனைவி கூப்பிட்டாள். அவர் கையை நீட்டுவதற்குள் குழந்தை எடுத்துவிட்டது. அப்பா ரொம்ப நேரம் ஒளிந்திருந்தார் என்றும், எங்கே தேடியும் கிடைக்கவில்லை என்றும், கடைசியில் வெளிக்கதவு வழியாக வந்தார் என்றும், வெளியே ஒளிவது அழுகுணி ஆட்டம் என்றும் விவரமாகச் சொன்னது. அப்பாவிடம் கொடு என்றாள் அவள்.

அவர் போனை வாங்கினார். அவளுக்குப் பின்னால் ஏதோ இயந்திரம் சுற்றும் சத்தம். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவருக்குத் தெரியும். போதும், இந்த வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், நான் வந்துவிடுகிறேன் என்று சொல்வாள். வேறு எந்த அம்மாவும் அதைத்தான் சொல்வாள். ஐயோ பாவம் என்று சொல்லவும், சமாதானப்படுத்தவும் அவரிடம் வார்த்தைகள் தயாராக இருந்தன. அதற்கும் அடியில், இனி நாலு மணி என்கிற தொல்லை இல்லை என்று ஒரு சின்ன நிம்மதிகூட எட்டிப் பார்த்தது. அதை அவர் யாரிடமும் ஒத்துக்கொள்ளமாட்டார். ஆனால் இருந்தது.

“அவளுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்றாள்.

“ஒண்ணுமில்ல. நல்லா இருக்கா.”

“சரி. நான் வேலையை விடப்போறதில்ல” என்றாள். சத்தம் போடவில்லை. “நாளைக்கும் நாலு மணிக்கு எனக்கு வேன் வரும். அப்ப அவகூட யார் இருக்கப்போறாங்கன்னு நீங்க யோசிங்க. அஞ்சு வருஷம் நான் யோசிச்சேன். இனிமே நீங்க யோசிச்சுச் சொல்லுங்க.”

வைத்துவிட்டாள். எண்ண வேண்டிய தகடுகள் காத்திருக்கும்.

மெக்கானிக் யோசித்தார். தன் தங்கையைக் கூப்பிடலாம் என்றால், அவளுக்கு அவள் வீட்டு வேலையே தலைக்கு மேல் கிடக்கிறது. ஆள் வைத்துக்கொள்ளலாமா என்று பார்த்தார், நாளைக்கே யார் வருவார்கள்? எவ்வளவு சுற்றினாலும் யோசனை ஒரே இடத்தில் வந்து நின்றது. மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார். வேலையே போனாலும் போகட்டும் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் கூப்பிட்டார். என்னென்ன கேள்வி வரும், என்ன பதில் சொல்வது என்றெல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தார். மதியம் மூணுக்கு மேல் என்னைக் கூப்பிட வேண்டாம் சார், யார் மாட்டிக்கொண்டாலும் சரி, வீட்டில் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னார்.

“சரிய்யா. அவசர வேலைக்கான படி கிடைக்காது, பரவாயில்லையா?” என்றார் மேற்பார்வையாளர்.

“பரவாயில்ல சார்.”

“அப்ப நாளைலேர்ந்து காலை வேலைல போட்டுக்கறேன். சாயங்காலத்துக்குத்தான் ரெண்டு பேர் இருக்காங்களே. மத்தியானம்கூட அவங்கள்ல ஒருத்தரை அனுப்பவான்னு கேக்கத்தான் வந்தேன். நீதான் முந்திக்கிட்டே. வேற ஏதாவது?”

வேறு ஒன்றும் இல்லை. அடுக்கி வைத்த பதில் எதையும் அவர் எடுக்க வேண்டியிருக்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஊரில் எந்த லிஃப்டும் அவருக்காகக் காத்திருக்கவில்லை என்பது அவருக்குக் கொஞ்சம் வலித்தது. அந்த வலி அடங்கிய பிறகுதான் மற்றது உறைத்தது: இத்தனை வருஷத்தில் இதை அவர் ஒரு தடவைகூடக் கேட்டுப் பார்த்ததில்லை. உறைத்ததும் நாற்காலியில் உட்கார முடியவில்லை, எழுந்து நின்றார்.

பிறகு மனைவிக்குச் செய்தி அனுப்பினார். மேற்பார்வையாளரிடம் கேட்டுவிட்டேன், நாளையிலிருந்து மாலையில் நான் வீட்டில் இருப்பேன், காலை வேலை கொடுத்துவிட்டார்கள் என்று எழுதினார்.

ரொம்ப நேரம் கழித்து அவள் ஒரே ஒரு கேள்வி அனுப்பினாள். ‘அதைக் கேட்க எவ்வளவு நேரம் ஆச்சு?’

அவர் போனில் பார்த்தார். மேற்பார்வையாளரோடு எவ்வளவு நேரம் பேசினார் என்று அதில் இருந்தது. கூட்டியோ குறைத்தோ சொல்லலாம் என்று இந்தத் தடவை அவருக்குத் தோன்றவில்லை.

‘ஒரு நிமிஷம்கூட ஆகல’ என்று எழுதி அனுப்பினார். அவள் அதைப் படித்துவிட்டாள் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை.